வரியைப் பார்த்துக் கட்டுவிரியன் என்று முடிவு கட்டுகிறீர்களா?

போன மழைக்காலத்தில் எங்கள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. "கட்டுவிரியன்!" என்று யாரோ கத்த, நான் போவதற்குள் அடித்துவிட்டார்கள். காப்பிக்கொட்டை நிறம். கழுத்தை ஒட்டியே அகலமான வெளிர்மஞ்சள் பட்டைகள். வால் பக்கம் போகப்போக அவை மங்கி மறைந்திருந்தன. பல்லி தேடி வந்த வெள்ளிக்கோல் வரையன் அது, நஞ்சே கிடையாது. இன்னும் மனசு ஆறவில்லை.

கட்டுவிரியனுக்கு வரிகள் நேர்மாறாக ஓடும். பளபளக்கும் கருப்பு உடலில் மெல்லிய வெள்ளை வரிகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வெறுமையாக இருக்கும், வாலை நெருங்க நெருங்கத் தெளிவாகும்.

சரி, இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று கிளம்பினால் அதைவிடப் பெரிய தவறு. வளர்ந்த கட்டுவிரியனில் வரிகள் உடைந்து புள்ளிகளாகத் தெரியலாம், சிலவற்றில் அடியோடு மங்கியும் போகும். குட்டிகளிலோ முன்பக்கமும் வரி பளிச்சென்று இருக்கும். "வரி இல்லை, பயமில்லை" என்று யாரும் கையால் தள்ளிவிடக் கூடாது. பாம்பு பிடிப்பவர் வரும்வரை தள்ளி நில்லுங்கள்.

கடித்த பிறகு நடக்கும் தவறுதான் உயிரை வாங்குகிறது. பெயரில் விரியன் இருந்தாலும் இது நல்லபாம்பின் குடும்பம். கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் ஊரைக் கூட்டும். கட்டுவிரியன் கடியில் பல நேரம் இரண்டுமே இருக்காது, பல் பட்ட இடம்கூடத் தெரியாது. இரவில் தரையில் படுத்திருப்பவர் எறும்பு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுவார். அப்புறம் வயிற்றுவலி வரும், கண் இமை தானாகக் கீழே இறங்கும், பேச்சு குழறும். நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைத் தடுப்பதால் கடைசியில் மூச்சுத் தசைகளும் நின்றுவிடும். தூங்கி எழுந்தவருக்குக் காரணமில்லாமல் இமை சரிந்தால் பாம்புக்கடியை நினைத்துப் பாருங்கள்.

இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போவதும் வீண் தாமதம். நம் நாட்டு நஞ்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அறிகுறிகளைப் பார்த்தே மருத்துவர் அதைக் கொடுப்பார்.

தரையில்தான் படுக்க வேண்டுமென்றால் கொசுவலை கட்டி, அதன் விளிம்பைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள்.