தார் போட்ட பார்க்கிங் தளம்: ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டியவை

கல்யாண மண்டபமோ வணிக வளாகமோ, பார்க்கிங் தளத்தைக் கெடுப்பது காரைவிடத் தண்ணீர்தான். மேலே இருக்கும் தார் 4, 5 செ.மீ. கனம்தான், எடையைத் தாங்குவது அடியில் உள்ள ஜல்லி. அதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் எத்தனை பேட்ச் போட்டாலும் நிற்காது.

அதனால் தளத்தை வெயிலில் பார்த்து மதிப்பிடாதீர்கள். ஒரு கோடை மழை ஓய்ந்து ஒரு மணி நேரம் கழித்துச் சுற்றி வாருங்கள். அப்போதும் தண்ணீர் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வாட்டம் இருக்க வேண்டும். வாட்டம் சரியாக இருந்தும் தேங்கினால், வடிகால் வாயில் மண் அடைத்திருக்கிறதா, ஏசி தண்ணீர்க் குழாய் தளத்திலேயே வந்து விழுகிறதா என்று பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் தார் வேலையைத் தொடங்குவது வீண் செலவு.

ஒற்றைக் கோடாக ஓடும் விரிசலை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கம்ப்ரஸர் காற்றால் ஊதி, நன்றாகக் காய்ந்தபின் ரப்பர் கலந்த தாரால் அடையுங்கள். மேடாக விடக்கூடாது, டயர் பிடுங்கிவிடும். முதலைத் தோல்போல் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் கதை வேறு: அடிப்படுகை போய்விட்டது. மேலே எதை ஊற்றினாலும் பயனில்லை. ஜல்லி வரை தோண்டி, புது வெட் மிக்ஸ் (தண்ணீர் கலந்த ஜல்லிக் கலவை) போட்டு இறுக்கித்தான் மேலே வர வேண்டும்.

குழி அடைப்பதில்தான் அதிகம் ஏமாற்று நடக்கிறது. குழியைச் சுற்றி நல்ல தளம் வரும்வரை கட்டரால் சதுரமாக வெட்டுங்கள். ஓரம் செங்குத்தாக இருக்க வேண்டும். சரிவான ஓரத்தில் கலவை மெலிந்து உதிரும். தூசியைக் கூட்டி எடுத்து, அடியில் பழைய தார் இருந்தால் சதுர மீட்டருக்குக் கால் கிலோ அளவில் தார் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார், ஒட்டுவதற்கு) தடவுங்கள். ஓரச் சுவர்களை விட்டுவிடாதீர்கள். பழுப்பாக இருக்கும் எமல்ஷன் கறுப்பாக மாறும்வரை பொறுங்கள். அதற்குள் கலவையைக் கொட்டினால் ஒட்டாது.

உருட்டிய பின் 50 மி.மீ. கனம் வேண்டுமானால், கொட்டும்போது 60 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ ஹாட் மிக்ஸ் (சூடான தார், ஜல்லிக் கலவை) பிடிக்கும். ஒப்பந்தத்தில் 'உருட்டிய பின் 50 மி.மீ.' என்றே எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் கொட்டிய கனத்தைக் காட்டிக் கணக்கு முடிப்பார்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு இறுக்கிவந்து, பக்கத்துத் தளத்தைவிட 3 முதல் 5 மி.மீ. உயரமாக விடுங்கள், வண்டி ஏற ஏற அமர்ந்துவிடும். மண்வெட்டியில் கலவை ஒட்டாமலிருக்க ஆட்கள் டீசல் தடவுவார்கள். அது கலவையில் சொட்டினால் தார் இளகி, அந்த இடம் முதலில் பெயரும்.

இன்ஜின் ஆயில் ஒழுகிய இடத்துக்கும் இதே கதிதான். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் வெட்டி எடுப்பது தவிர வழியில்லை.

இருசக்கர வாகனப் பகுதியில் தாரே வேண்டாம். சித்திரை வெயிலில் சைடு ஸ்டாண்டு குத்திக் குத்தித் தளம் சல்லடையாகிவிடும்; காங்கிரீட் போட்டுவிடுங்கள்.

கோடு போடுவதைப் புதுத் தார் போட்டு 2, 3 வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டால் வெள்ளை பழுப்பேறும். கார் ஒன்றுக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம்.