மாயாஜாலப் படமும் சின்னப் பிள்ளைகளும்: நாம் செய்யும் தவறுகள்

போன வருடம் முழுப்பரீட்சை லீவில் என் மகளை ஒரு மாயாஜாலப் படத்துக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. படத்தில் ஒற்றைக்கண் அரக்கன் வருவான் என்று கேள்விப்பட்டு, அவன் வந்ததும் கண்ணைப் பொத்திவிட வேண்டும் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். அரக்கன் வந்தான். அவள் பாப்கார்னைக் கொறித்துக்கொண்டே, "அம்மா, அவனுக்கு மூக்கே இல்ல" என்று சிரித்தாள்.

இருபது நிமிடம் கழித்து, கதையில் வரும் சிறுவனின் அம்மா ஆற்று வெள்ளத்தில் போகிறாள். சத்தமே இல்லாத காட்சி. கை மட்டும் தெரிகிறது, பிறகு தண்ணீர். என் மகள் அழவில்லை. வாயில் போட்ட பாப்கார்னை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தாள். விரலைத் தொட்டால் சில்லென்று இருந்தது. படம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு மூன்று வாரம், நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அரக்கனுக்குக் காவல் இருந்த நான் ஆற்றைக் கவனிக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இதுதான். "பேய் இருக்கா, ரத்தம் இருக்கா?" என்று விசாரிக்கிறோம். "அம்மா அப்பாவைப் பிள்ளை பிரியுற மாதிரி வருதா?" என்று யாரும் கேட்பதில்லை. நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு உலகத்திலேயே பெரிய பயம் அதுதான்.

அடுத்த பயம், தெரிந்த முகம் மாறுவது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் கேன்டர் பிள்ளைகளின் திரைப்பயத்தைப் பல வருடம் ஆராய்ந்தவர். 1980-களில் அவரும் சக ஆய்வாளரும், சாது மனிதன் பச்சை ராட்சதனாக மாறும் ஹல்க் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். அந்த ராட்சதன் நல்லவன், ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுகிறவன். ஆனாலும் பள்ளி செல்லாத வயதுக் குழந்தைகள் அவன் உருமாறும் இடத்தில்தான் அதிகம் பயந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. சிறு குழந்தை உருவத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. எட்டு ஒன்பது வயதுக்கு மேல்தான் உள்ளே இருப்பது நல்லவனா கெட்டவனா என்பது எடுபடுகிறது. ஆகவே "கடைசில அவன் நல்லவன்தான்" என்ற சமாதானம் சின்னதுகளிடம் செல்லாது.

இங்கே ஒரு கேள்வி வரும். நம் மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் பெரிய கண்ணையும் கோரைப்பல்லையும் பார்த்துத்தானே வளர்கிறார்கள்? மேலூர்ப் பக்கம் புரவி எடுப்புத் திருவிழாவில் மண் குதிரைகள் வரிசையாகப் போகும். முனியாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு கையில் அரிவாளோடு உட்கார்ந்திருப்பார். மீனாட்சியம்மன் கோயிலில் சுவாமி சன்னதிக்கு எதிரே இருக்கும் காளி சிலையைப் பாருங்கள். உக்கிரமான சிலை, ஆனால் அந்தக் காளி மேல் வெண்ணெய் உருண்டை எறிய இந்த ஊரில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் முண்டியடித்திருக்கிறார்கள்! அங்கே பயம் வராததற்குக் காரணம் உண்டு. சிலை நகராது. பிள்ளை தாத்தா தோளில் இருக்கிறது. சுற்றிலும் வெளிச்சம், சுண்டல் மணம், சொந்தக்காரர் கூட்டம். பயமாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், வேண்டும்போது மறுபடி எட்டிப் பார்க்கலாம். எவ்வளவு பார்ப்பது என்பது பிள்ளையின் கையில் இருக்கிறது. இருட்டு அரங்கில் அது பிள்ளையின் கையில் இல்லை. "எங்க பிள்ளை கருப்பசாமியவே பயப்படாம பாக்கும்" என்ற தைரியத்தில் டிக்கெட் போடாதீர்கள்.

"நாங்க விட்டலாச்சார்யா படம் பாக்கலையா, எலும்புக்கூடு ஆடலையா?" என்று பெரியவர்கள் சொல்வதும் இதே கணக்குத்தான். என் மாமியாரும் சொன்னார். அவர் பார்த்தது டூரிங் டாக்கீஸில், மணலைக் குவித்து உட்கார்ந்து. பக்கவாட்டில் திறப்பு, முறுக்கு விற்பவர் குரல், பயந்தால் அம்மா மடியில் படுத்துத் தூங்கிவிடும் வசதி. இன்றைய அரங்கில் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் பொதுவாக 85 டெசிபல் அளவுக்குச் சரிசெய்யப்பட்டு, உச்சத்தில் 105 வரை போக இடம் விடப்பட்டிருக்கும். இடி நாற்காலியிலேயே இறங்கும். பிள்ளை உருவத்துக்குப் பயப்படுகிறதா, சத்தத்துக்கா என்று பாருங்கள். காதைப் பொத்தியதும் அடங்கிவிட்டால் சத்தம்தான். அப்படியென்றால் அதே படத்தை வீட்டில், பகலில், ஒலியைக் குறைத்து வைத்துத் தாராளமாகப் பார்க்கலாம்.

முப்பரிமாணமும் இப்படித்தான். 2016-இல் ‘தி ஜங்கிள் புக்’ படத்துக்குத் தணிக்கைக் குழு, சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோர் துணை வேண்டும் என்ற யு/ஏ சான்றிதழ் கொடுத்தபோது ஊரே கேலி செய்தது. முப்பரிமாணத்தில் மிருகங்கள் பாய்ந்து வருவது பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று அன்றைய தலைவர் காரணம் சொன்னார். கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது அந்தக் காரணத்தில் நியாயம் இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

சான்றிதழைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. ‘யு’ என்றால் குழந்தைகள் படம் என்று நினைக்கிறோம். எல்லா வயதினரும் பார்க்கத் தடையில்லை என்பதுதான் பொருள், நான்கு வயதுப் பிள்ளைக்குப் பிடிக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. அடுத்தது ‘யு/ஏ’. முன்பு 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் துணை என்று ஒரே வகையாக இருந்தது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, 2024 விதிகளில் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். டிக்கெட் போடும் இடத்திலேயே பெயருக்குப் பக்கத்தில் இருக்கும், பாருங்கள். ‘ஏ’ படத்துக்கு மட்டும்தான் வாசலில் தடுப்பார்கள். 13+ படத்துக்கு மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே விடுவார்கள், முடிவு நம்முடையது. மாயாஜாலப் படம் 13+ என்று இருந்தால், ஏழு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையை நான் கூட்டிப் போக மாட்டேன்.

டிரெய்லரை நம்புவதும் தவறு. பிள்ளைகளை இழுக்க நினைக்கும் டிரெய்லரில் பேசும் அணிலும் பறக்கும் கம்பளமும்தான் வரும். முன்கூட்டி நாம் ஒருமுறை பார்ப்பதுதான் சரி, முடியாவிட்டால் பார்த்தவரிடம், "இடைவேளைக்கு முன்னாடி என்ன வருது?" என்று கேளுங்கள். நம் படங்களில் பெரிய அதிர்ச்சியை அங்கேதான் வைப்பார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படம் தொடங்குமுன் வரும் புகையிலை எச்சரிக்கையில் புண்ணான வாயைக் காட்டுவார்கள். தொடர்ந்து வேறு ஏதாவது பேய்ப் படத்தின் முன்னோட்டம் ஓடும். நல்ல படத்துக்குப் போய்விட்டு இதைப் பார்த்துப் பயந்து திரும்பிய பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. பெயர் போட்ட பிறகு உள்ளே போனாலும் குடி முழுகிவிடாது.

பாஷையையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் பார்த்தால்தான் நன்றாக இருக்கும் என்று நமக்காகத் தேர்ந்தெடுத்தால், சின்னப் பிள்ளைக்குக் கதை புரியாமல் இருட்டும் உருவமும் சத்தமும் மட்டும் மிஞ்சும். தமிழ் டப்பிங் இருந்தால் அதற்கே போங்கள். போகுமுன் கதையைச் சொல்லிவிடுங்கள், முடிவையும் சேர்த்துத்தான். ‘சஸ்பென்ஸ்’ போய்விடுமே என்பது நம் கவலை, அவர்களுக்குக் கிடையாது. ஒரே கதையை அப்பத்தாவிடம் நூறு தடவை கேட்கிறவர்கள்தானே அவர்கள்!

"அதெல்லாம் பொய்டா, கம்ப்யூட்டர்ல பண்றது" என்று அங்கேயே பாடம் நடத்துவதில் பயனில்லை. கேன்டரின் ஆய்வில், நிஜமில்லை என்று நினைத்துக்கொள்ளச் சொன்னது ஒன்பது பத்து வயதினருக்கு உதவியது, மூன்று முதல் ஐந்து வயதினருக்கு உதவவில்லை. அந்த வயதுக்கு மடியும் தண்ணீரும் கட்டிப்பிடிப்பும்தான் வேலை செய்யும். ஓரத்துச் சீட்டாக வாங்குங்கள். பிள்ளை ஒடுங்கினால் எழுந்து வெளியே வாருங்கள். காசு கொடுத்தாயிற்றே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். அழுகைக்காகக் காத்திருக்காதீர்கள், சில பிள்ளைகள் என் மகளைப் போல உறைந்துதான் போவார்கள். அண்ணனுக்குப் படம் பார்க்க ஆசை, தங்கச்சிக்குப் பயம் என்றால் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. "உன்னாலதான் வெளிய வந்தோம்" என்று மட்டும் வீட்டுக்கு வந்து சொல்லிவிடக் கூடாது.

என்னைக் கோபப்படுத்தும் தவறு ஒன்று உண்டு. படத்தில் வந்த மந்திரவாதியை அடுத்த நாள் சோறு ஊட்டும்போது கூப்பிடுவது. "சாப்பிடலன்னா அவன் வந்து புடிச்சுக்குவான்." பிள்ளை இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடும், உண்மைதான். ஆனால் அரங்கத்தோடு முடிந்துபோன ஒருவனை நாமே வீட்டுக்குள் குடிவைக்கிறோம். அதுவும் பிள்ளை நம்பும் ஒரே குரலில்.

பயந்துவிட்ட பிள்ளைக்குத் திருநீறு போடுவதும், சாயங்காலம் பள்ளிவாசலில் ஓதி ஊதி வருவதும் நம் ஊர்ப் பழக்கம். யாரோ பெரியவர் தலையில் கைவைத்து ‘இனி ஒன்றுமில்லை’ என்று சொல்வது பிள்ளைக்குத் தெம்புதான், அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் தூக்கம் கெடுவதும், படுக்கையில் சிறுநீர் போவது நின்ற பிறகு மறுபடி தொடங்குவதும், பள்ளிக்குப் போக மறுப்பதும் வாரக்கணக்கில் நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் மகளிடம் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. குளியலறைக்குள் இருந்து சத்தமாகப் பாடினேன். பாட்டு நின்றால் கதவு தட்டப்படும், மறுபடி பாடுவேன். மூன்றாவது வாரக் கடைசியில் ஒருநாள் பாட்டை நிறுத்திவிட்டு நெடுநேரம் காத்திருந்தேன். தட்டல் இல்லை. ஈரத்தலையோடு கதவைத் திறந்தால் வாசலில் யாரும் இல்லை. தெருவில் பாண்டி ஆடும் சத்தம் கேட்டது.