புகைப்படத்தை ஓவியமாக்குவது எப்படி? குறுக்குத்துறைப் படம் ஒன்றை வைத்து ஒரு செய்முறை

கணினியில் ஒரு ஃபில்டரைத் தட்டினால் எந்தப் படமும் எண்ணெய் ஓவியம் மாதிரி ஆகிவிடும். ஆனால் அப்படி வருகிற படங்களில் பெரும்பாலானவை ஓவியமாகவும் இருக்காது, புகைப்படமாகவும் இருக்காது. காரணம் எளிது. ஃபில்டருக்கு முகமும் ஒன்றுதான், முகத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரும் ஒன்றுதான். ஓவியர் அப்படிச் செய்வதில்லை. பார்ப்பவர் கண் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நுணுக்கமாகத் தீட்டுவார். மற்ற இடங்களைப் பெரிய தூரிகையால் சட்டென்று முடித்துவிடுவார். எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று நீங்கள் முடிவு செய்யப் பழக வேண்டும். மற்றதெல்லாம் பட்டன்கள்தான்.

கருவிக்குச் செலவே இல்லை. 'கிம்ப்' என்ற இலவச மென்பொருள் போதும். 1996 முதல் பொதுப் பயன்பாட்டில் இருக்கிறது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். மெனுப் பெயர்களை அதில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

முதலில் படம்

பெரிய வடிவங்களும் பக்கவாட்டு வெயிலும் உள்ள படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே வைத்துக்கொண்டிருப்பது திருநெல்வேலியில் உள்ள குறுக்குத்துறைப் படித்துறை. தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிற முருகன் கோயில், கல் மண்டபம், கரையில் மருத மரங்கள், தோளில் துண்டோடு படியிறங்கும் ஒரு பெரியவர். காலை வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. தூணின் ஒரு பக்கம் பொன் நிறம், மறுபக்கம் நிழல். இந்த மாதிரி வெளிச்சமும் இருட்டும் பிரிந்து நிற்கிற படங்களுக்குத்தான் தூரிகை ஓட்டம் பொருந்தும்.

அம்பாசமுத்திரம் பக்கத்து வயலும் பின்னால் பொதிகை மலையும், 1843-இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தின் வளைவுகள், இவையெல்லாம் அருமையாக வரும். பத்தமடைப் பாய் நெய்கிற கையை நெருக்கத்தில் எடுத்த படம் வராது. அந்தப் படத்தின் உயிரே மெல்லிய கோரை இழைகளில் இருக்கிறது. ஃபில்டர் முதலில் அழிப்பது அவற்றைத்தான். கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகளை எடுப்பவர்களும் கவனியுங்கள்: நீரில் நிற்கும் பறவை நன்றாக வரும், சுள்ளிக் கூட்டில் இருக்கும் பறவை கூட்டோடு சேர்ந்து குழம்பிவிடும்.

அளவைக் குறைக்காமல் ஆரம்பிக்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இது. ஃபில்டரின் தூரிகை அளவு பிக்செல் கணக்கில் இருக்கிறது. 24 மெகாபிக்செல் படம் என்றால் அகலம் 6000 பிக்செல். அதில் 4 பிக்செல் தூரிகை போட்டால் எதுவுமே மாறாத மாதிரி இருக்கும். அதே 4-ஐ வாட்ஸாப்பில் வந்த சின்னப் படத்தில் போட்டால் முகமே கரைந்துவிடும். ஆகவே படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, 'இமேஜ்' மெனுவில் 'ஸ்கேல் இமேஜ்' போய் அகலத்தை 2400 ஆக்குங்கள். இனி நான் சொல்லும் எண்கள் எல்லாம் இந்த அளவுக்கு.

அப்புறம் 'கலர்ஸ்' மெனுவில் 'கர்வ்ஸ்' திறந்து கோட்டின் இடது கீழ் முனையைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். நிழல்களில் இருக்கும் முழுக் கறுப்பு மறைந்துவிடும். இயற்கைக் காட்சி தீட்டும் பலர் நிழலுக்கு வெறும் கறுப்பை வைப்பதில்லை. நீலமோ பழுப்போ கலந்திருக்கும். மண்டபத்துக்குள் இருக்கும் இருட்டில் சற்று நீலம் ஏற்றினால் வெளியே இருக்கும் வெயில் தானாகவே சூடாகத் தெரியும்.

மூன்று அடுக்குகள்

லேயர் பெட்டியில் படத்தை இரண்டு முறை 'டூப்ளிகேட்' செய்யுங்கள். மூன்று லேயர் இருக்கும். அடியில் உள்ளதற்குப் 'பெரிய தூரிகை' என்றும், நடுவில் உள்ளதற்குச் 'சின்னத் தூரிகை' என்றும், மேலே உள்ளதற்கு 'அசல்' என்றும் பெயர் வையுங்கள். மேல் இரண்டின் கண் அடையாளத்தையும் அணைத்துவிட்டு அடி லேயரைத் தேர்ந்தெடுங்கள்.

'ஃபில்டர்ஸ்', 'ஆர்ட்டிஸ்டிக்', 'ஆயிலிஃபை'. இதில் 'மாஸ்க் ரேடியஸ்' என்பதுதான் தூரிகை அளவு. 12 வையுங்கள்.

இது என்ன செய்கிறது என்று தெரிந்தால் எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, அதைச் சுற்றியுள்ள வட்டத்தில் எந்த நிறம் அதிக இடத்தைப் பிடித்திருக்கிறதோ அதை அந்தப் புள்ளிக்குக் கொடுக்கிறது. பெரும்பான்மை ஜெயிக்கும், சிறுபான்மை காணாமல் போகும். மருத மரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இலை இலையாக இருந்தது போய் வெயில் பட்ட பச்சை ஒரு திட்டு, நிழல் பச்சை ஒரு திட்டு, நடுவே வானம் தெரிந்த ஊசித் துளைகள் அடைபட்டிருக்கும். ஆற்றில் மின்னிய சிறு வெள்ளைப் புள்ளிகளும் போயிருக்கும். அவை இருந்த இடத்தில் வெளிர் பச்சையும் பழுப்புமாகத் தட்டையான பட்டைகள். தண்ணீருக்கு இது மிக அழகு.

'எக்ஸ்போனென்ட்' எண்ணைக் கூட்டினால் திட்டுகளின் விளிம்பு வெட்டினாற்போல் நிற்கும். குறைத்தால் பெரும்பான்மையோடு மற்ற நிறங்களும் கலந்து வெறும் மங்கலாகிவிடும். இருக்கிற 8-ஐ மாற்றத் தேவையில்லை.

இப்போது நடு லேயரின் கண்ணைத் திறந்து, அதைத் தேர்ந்தெடுத்து, அதே ஃபில்டரை 4 அளவில் போடுங்கள். தூணின் விளிம்பு, படிக்கட்டின் வரி எல்லாம் இதில் தங்கியிருக்கும்.

மாஸ்க்

உண்மையான வேலை இங்கேதான். நடு லேயரில் வலது கிளிக் செய்து 'ஆட் லேயர் மாஸ்க்' போய்க் கறுப்பைத் தேர்ந்தெடுங்கள். அந்த லேயர் மறைந்துவிடும், பயப்பட வேண்டாம். மாஸ்க்கில் வெள்ளை பூசும் இடத்தில் மட்டும் அது வெளியே வரும். ஓரம் மென்மையான பிரஷ், நிறம் வெள்ளை, 'ஒபாசிட்டி' (பூச்சின் அழுத்தம்) 40. மண்டபத் தூண்கள் மேல், படிகள் மேல், பெரியவர் மேல் பூசுங்கள். ஒரே இழுப்பில் முழுதாகக் கொண்டுவராமல் இரண்டு மூன்று தடவை மேலுக்கு மேல் பூசினால் அளவு கைக்குள் இருக்கும். மரத்தையும் வானத்தையும் தண்ணீரின் தூரப் பகுதியையும் தொடாதீர்கள்.

மேல் லேயரின் கண்ணையும் திறந்து, அதற்கும் அதே மாதிரி கறுப்பு மாஸ்க் போடுங்கள். இங்கே கை மிகவும் அடக்கமாக இருக்க வேண்டும். ஒபாசிட்டியை 25 ஆக்கி, பெரியவரின் முகத்தின் வெயில் பட்ட பக்கத்திலும், துண்டின் மடிப்பிலும், அவர் கால் வைத்திருக்கும் படியின் விளிம்பிலும் மட்டும் பூசினேன். வேறு எங்கும் இல்லை. படத்தைச் சிறிதாக்கிக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். கண் நேராக அவரிடம் போனால் சரி. கோபுரத்துக்கும் மரத்துக்கும் அலைந்தால் அங்கே நுணுக்கம் கூடிவிட்டது என்று அர்த்தம். மாஸ்க்கில் கறுப்பு பூசிக் குறைத்துவிடலாம், எதுவும் கெடாது.

செல்போன் செயலிகளில் ஒரே தட்டில் ஓவியமாக்கும் வசதி வந்துவிட்டது. அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் பெரும்பாலும் இந்தத் தேர்வு உங்கள் கையில் இருக்காது. எனக்கு இதில் பிடித்ததே அந்தத் தேர்வுதான்.

பனைமரத்துக்கு வேறு ஃபில்டர்

ஆயிலிஃபை மெல்லிய ஓலைகளை உருட்டிவிடும். பனங்காட்டுப் படங்களுக்குக் கிம்ப்போடு சேர்ந்து ஓடும் 'ஜிமிக்' என்ற இலவசச் சேர்க்கையை நிறுவிக்கொள்ளுங்கள். பிரான்சின் கான் (Caen) நகரில் உள்ள கிரேக் ஆய்வகத்தில் உருவானது. அதன் 'ஆர்ட்டிஸ்டிக்' பகுதியில் 'குவஹாரா' இருக்கிறது. 1976-இல் ஜப்பானிய ஆய்வாளர் குவஹாரா இதயத்தின் மருத்துவப் படங்களைத் தெளிவாக்குவதற்காக முன்வைத்த முறை இது. புள்ளியைச் சுற்றி நான்கு கட்டங்களைப் பார்க்கும். எந்தக் கட்டத்தில் நிறவேறுபாடு குறைவோ அதன் சராசரியை எடுத்துக்கொள்ளும். அதனால் விளிம்பைத் தாண்டி நிறம் கசியாது. இதய அறையின் சுவரைக் காப்பாற்றப் பிறந்த கணக்கு, தேரிக்காட்டுச் செம்மண்ணுக்கும் வானத்துக்கும் நடுவில் நிற்கும் பனையின் விளிம்பையும் காப்பாற்றுகிறது. எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

துணியின் இழை

விருப்பப்பட்டால் மட்டும். கான்வாஸ் மாதிரி இழை வேண்டுமென்றால் இணையத்தில் தேட வேண்டாம். ஒரு கைத்தறித் துண்டைச் சுருக்கமில்லாமல் விரித்து, ஜன்னல் ஓரத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, சராசரி நடுச்சாம்பலாக வரும்படி 'லெவல்ஸ்' சரிசெய்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்து 'ஓவர்லே' முறையில் 15 சதவீதம் கொடுங்கள். நடுச்சாம்பல் எதையும் மாற்றாது. இழையின் மேடும் பள்ளமும் மட்டும் படத்தில் ஏறும். இழை முதல் பார்வையிலேயே தெரிந்தால் அதிகம்.

சேமிப்பும் பிரிண்டும்

முதலில் 'சேவ்' கொடுத்து கிம்ப்பின் சொந்த வடிவத்தில் வையுங்கள், லேயர்கள் அப்படியே இருக்கும். பிறகு 'எக்ஸ்போர்ட்' செய்து ஜேபெக். 2400 பிக்செல் அகலம் ஏ4 தாளில் அங்குலத்துக்கு 200 புள்ளிக்கு மேல் வரும். ஓவியப் படத்துக்குத் தாராளம். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாள் கேளுங்கள். கடைகளில் பிரிண்ட் போடும்முன் நிறத்தையும் கூர்மையையும் தானாகச் சரிசெய்யும் வசதியை வைத்திருப்பார்கள். அது நீங்கள் பார்த்துப் பார்த்துக் கரைத்த மரத்தை மறுபடி கூர்மையாக்கிவிடும். "அண்ணாச்சி, கரெக்‌ஷன் எதுவும் போடாம அப்படியே எடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.