சேலை விற்கிறவளின் நோட்டு

திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தே சேலை, நைட்டி விற்கிறேன். ஏழு வருஷம் ஆகிறது. பக்கத்திலேயே சின்னாளபட்டி இருப்பதால், காலையில் பஸ் ஏறினால் சுங்குடிச் சேலை எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். முதல் வருஷம் நன்றாகத்தான் விற்றது. கையில்தான் காசு இல்லை. யார் எவ்வளவு பாக்கி என்று காலண்டர் தாளின் முதுகில் எழுதி வைத்திருந்தேன். அதில் ஒரு தாளை மகன் ராக்கெட் செய்து மாடியிலிருந்து விட்டுவிட்டான். மூன்று பேர் கணக்கு அதோடு பறந்தது.

அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் சரக்கு எடுக்கும் முன்பே நோட்டு வாங்குங்கள். 192 பக்க நீள நோட்டு போதும். ஒவ்வொருவருக்கும் எதிரெதிரே இரண்டு பக்கம்: இடப்பக்கம் எடுத்தது, வலப்பக்கம் கொடுத்தது. தொகையை நான் எழுதுவதில்லை, எடுத்தவர் கையாலேயே எழுதச் சொல்வேன். “நான் அவ்வளவா தரணும்?” என்ற பேச்சே அப்புறம் வருவதில்லை. 1,150 ரூபாய்ச் சேலை என்றால் கையில் 350, மீதி இரண்டு மாதத்தில் 400, 400. இரண்டு தவணை நின்றுபோனவருக்குப் புதுச் சேலை கிடையாது. முகத்துக்கு நேரே மறுக்கக் கஷ்டமாக இருந்தால் நோட்டைக் காட்டி, “நோட்டு ஒத்துக்க மாட்டேங்குது அக்கா” என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் தப்பிக்கிறேன்.

வசூலுக்கு நாள் குறிப்பது அதைவிட முக்கியம். எனக்கு வாடிக்கையான டீச்சர்கள், நர்சுகளுக்கு மாதச் சம்பளம், அவர்களிடம் 1 முதல் 5 தேதிக்குள். மில்லுக்குப் போகும் பெண்களுக்கு வாரக்கூலி, அவர்களிடம் சனிக்கிழமை சாயங்காலம். 20ஆம் தேதி போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் நடைதான் மிச்சம்.

நாள் முழுக்க வியாபாரம் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தால் வீடும் கெடும், வியாபாரமும் கெடும். நான் 11 மணிக்குக் குக்கரை இறக்கியதும் நோட்டைத் திறப்பேன். 1 மணிக்கு மூடிவிடுவேன். கடிகாரத்தைப் பார்த்துச் செய்த வேலை எனக்கு நான்கு நாள்கூட ஓடவில்லை. குக்கரோடு சேர்த்துவிட்டேன், அது தினமும் எப்படியும் இறங்கத்தானே வேண்டும்?

போட்டோ மட்டும் இந்தக் கணக்கில் வராது. ஒருமுறை ராத்திரி டியூப்லைட்டில் அரக்குச் சேலையைப் படம் எடுத்துப் போட்டேன், படத்தில் நல்ல சிவப்பாக விழுந்திருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு என்று வாங்கிப் போன அக்கா மறுநாளே கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டார். ஃபால்ஸ் வேறு தைத்தாகிவிட்டது. அன்றிலிருந்து காலை ஏழரைக்கு மாடிச் சுவர் நிழலில்தான் படம். முந்தானை, உடல், கரை என்று மூன்று படம், ஒன்றிலாவது என் கை தெரிய வேண்டும். கையின் நிறம் சரியாக விழுந்திருந்தால் சேலையின் நிறமும் சரி.

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பல பேருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் ஆறு மாதம் காற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது பை கொடுக்கும்போதே, “என் நம்பரைப் பதிஞ்சுக்கோங்க” என்று நின்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

சேலைக் காசுக்குத் தனி பேங்க் கணக்கு வையுங்கள். அதிலிருந்து பால்காரருக்குக் கொடுக்காதீர்கள். மாதம் 6,000 ரூபாய் எனக்கு நானே சம்பளம் எடுத்துக்கொள்கிறேன், தீபாவளி மாதம் மட்டும் கொஞ்சம் கூட.

நடுவில் ஒரு கம்பெனிக்காரர் வந்து, பொருள் விற்கவே வேண்டாம், கீழே ஆள் சேர்த்தால் போதும், கமிஷன் கொட்டும் என்றார். அந்த மாதிரிப் பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. 2021ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டத்தைத் தடுக்கின்றன. கம்பெனிப் பொருளை வீடு வீடாக விற்பவர்கள் அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டிக் கேட்டு ஒப்புதல் வாங்காமல் போகக் கூடாது என்றும் அந்த விதிகளில் இருக்கிறது. அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கடைசியாக, அசல் விலை. ஒவ்வொரு சேலையிலும் அசலை எழுதி வைத்தால்தான் பேரம் பேசும்போது எதுவரை இறங்கலாம் என்று தெரியும். ஆனால் வாங்குபவர் கண்ணில் படக் கூடாது. நான் பழைய தமிழ் எண்களில் எழுதினேன்: க என்றால் 1, உ என்றால் 2, எ என்றால் 7, அ என்றால் 8. 780 ரூபாய்ச் சேலையின் சீட்டில் ‘எஅ0’. ரொம்ப நாள் யாருக்கும் புரியவில்லை. ஒரு நாள் ரிட்டயர்டான தமிழ் டீச்சர் ஒருவர் சீட்டைத் திருப்பிப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “எழுநூற்று எண்பதாம்மா? என்கிட்ட ஆயிரத்து நூற்றைம்பது சொன்னியே!” என்றார். பஸ் செலவு, ஃபால்ஸ், தவணைக்குக் காத்திருப்பது என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். 50 ரூபாய் குறைத்துக்கொண்டு எடுத்துப்போனார்.

அன்று ராத்திரியே எல்லாச் சீட்டையும் மாற்றினேன். புதுக் குறி என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த டீச்சர் இன்னும் என் லிஸ்டில்தான் இருக்கிறார்.