இடமில்லாத டிஸ்கில் ஹோம் ஃபோல்டர் என்க்ரிப்ஷனை எடுப்பது

“அம்மா வீடு மாநகராட்சி சொத்து வரி ரசீது இரண்டாம் அரையாண்டு 2016” என்று ஒரு ஃபைலுக்குப் பெயர் வைத்தேன். பெயர் நீளம் என்று உபுண்டு (என் லேப்டாப்பில் ஓடும் லினக்ஸ்) சேமிக்க மறுத்தது. காரணம் இகிரிப்ட்எஃப்எஸ் (eCryptfs), அதாவது ஹோமை, என் ஃபைல்கள் எல்லாம் இருக்கும் ஃபோல்டரை, என்க்ரிப்ட் செய்து பூட்டிவைக்கும் மென்பொருள். என்க்ரிப்ட் செய்த ஹோமில் பெயர் 143 பைட்டைத் தாண்டக் கூடாது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ‘க’வுக்கு 3 பைட், ‘கு’வுக்கு 6. ஆங்கிலப் பெயர் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியவே தெரியாது.

என்க்ரிப்ஷனை எடுக்க வழக்கமாகச் சொல்லும் வழி, ஹோமை முழுசாக வேறிடத்தில் நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிப்பது. என்னிடம் இருந்ததோ 120 ஜிபி எஸ்எஸ்டி, அதில் காலி 9 ஜிபி.

முதலில் முக்கியமானதை பென்டிரைவில் எடுத்து வையுங்கள். இன்னொரு அட்மின் பயனரை உருவாக்குங்கள். ரீஸ்டார்ட் செய்து, கிராஃபிக் திரையில் நுழையாமல், கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2 அழுத்தி வரும் கன்சோலில் (வெறும் எழுத்துத் திரை) உங்கள் பெயரில் லாகின் செய்து அப்படியே விடுங்கள். அந்த லாகின் இருந்தால்தான் ஹோம் திறந்திருக்கும். எஃப்3-இல் புதிய அட்மினாக நுழைந்து வேலையைத் தொடங்குங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஒரே டிஸ்க்தானே, ‘எம்வி’ (mv, ஃபைலை நகர்த்தும் கட்டளை) போட்டால் நொடியில் நகர்ந்துவிடும் என்று நினைத்தேன். திறந்திருக்கும் ஹோம் தனி ஃபைல்சிஸ்டம் (தனி டிஸ்க் மாதிரி) என்பதால் எம்வி உள்ளுக்குள் நகல்தான் எடுக்கிறது. அதிலும் ஒரு ஃபோல்டரைக் கொடுத்தால் அது முழுக்க நகலான பிறகுதான் பழையதை அழிக்கும். 30 ஜிபி போட்டோ ஃபோல்டர் பாதியில் நின்றது, டிஸ்க் நிறைந்துவிட்டது. பாதி நகலை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து!

இதற்கு ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் கட்டளைதான் சரி. வேறெதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சூடோவுடன் (sudo, அட்மின் உரிமையில் ஓட்டுவது), ‘ஏ’ (-a) ஆப்ஷனும் ‘ரிமூவ்-சோர்ஸ்-ஃபைல்ஸ்’ ஆப்ஷனும் சேர்த்து, உங்கள் ஹோமிலிருந்து (அதன் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டு) அதன் பக்கத்திலேயே ஒரு புது ஃபோல்டருக்கு ஓடவிடுங்கள். புள்ளியில் தொடங்கும் இகிரிப்ட்எஃப்எஸ், பிரைவேட் இரண்டையும் ‘எக்ஸ்க்லூட்’ செய்யுங்கள், அதாவது விலக்குங்கள். இது ஒவ்வொரு ஃபைலாக நகலெடுத்து, முடிந்த ஃபைலின் மூலத்தை உடனே அழித்துக்கொண்டே போகும். உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய ஃபைல் கொள்ளும் அளவு இடம் காலியாக இருந்தால் போதும். நடுவில் நின்றால் அதே கட்டளையை மறுபடி கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். (எங்கள் தெருவில் இரண்டு முறை கரன்ட் போனது. லேப்டாப் பேட்டரி வாழ்க.)

முடிந்ததும் பழைய ஹோமில் காலி ஃபோல்டர்களும் விலக்கிய அந்த இரண்டும் மட்டும் மிஞ்சும். எஃப்2-இல் லாக்அவுட் செய்து, ‘மவுன்ட்’ கட்டளை காட்டும் பட்டியலில் (இப்போது திறந்திருக்கும் ஃபைல்சிஸ்டங்கள்) இகிரிப்ட்எஃப்எஸ் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பழைய ஹோமின் பெயரை மாற்றி, அந்தப் பெயரைப் புதியதற்குக் கொடுத்து ரீஸ்டார்ட். எல்லாம் திறக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு, பழைய ஹோமையும், எல்லாப் பயனர்களின் ஹோமும் இருக்கும் /home-க்குள் புள்ளியோடு ஒளிந்திருக்கும் இகிரிப்ட்எஃப்எஸ் ஃபோல்டரில் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரையும் மட்டும் அழியுங்கள். எனக்குக் கொஞ்சம் இடமும் மிச்சமானது; ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் 8 கேபி தகவல் ஒட்டியிருந்ததே!

பின்சேர்க்கை: பாஸ்வேர்ட் கொடுத்தும் லாகின் திரையே திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆர்சிங்கில் மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின் சாய்கோடு போட மறந்திருக்கிறார். அதனால் புது ஃபோல்டர் ரூட்டின் (கணினியின் தலைமைப் பயனர்) பெயரில் இருக்க, அவருடைய ஹோம் அதற்குள் இன்னொரு ஃபோல்டராகப் போய் உட்கார்ந்துவிட்டது. அட்மினாக நுழைந்து, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துச் சரியான பெயரில் வைத்தால் போதும். இந்த முறை எம்வியே நொடியில் முடித்துவிடும்.