வலென்சியாவுக்கு எக்ஸ்சேஞ்சில் போகும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு

ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க காலேஜ் எக்ஸ்சேஞ்ச் சீட் கிடைத்தாச்சு, ஊர் ஸ்பெயினில் வலென்சியா, கடலோரம், நல்ல வெயில் என்றதும் "வெயில் நமக்கென்ன புதுசா" என்று ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பையைக் கட்டிவிடுகிறார்கள். வெயிலால் தொல்லை இல்லை, அங்கே நம்மைத் திண்டாட வைப்பது கடிகாரமும் காலண்டரும்தான்.

1. 180 நாள் கணக்கு

அழைப்புக் கடிதத்தில் இருக்கும் தேதிகளை முதலில் எண்ணுங்கள். 180 நாளுக்குள் முடிகிற செமஸ்டர் என்றால் விசாவே கடைசிவரை போதும். தாண்டினால் போலீஸ் கிளியரன்ஸ், மருத்துவச் சான்றிதழ், அந்தச் சான்றிதழ்கள் வெளிநாட்டில் செல்லுபடியாக அப்போஸ்டில் முத்திரை, ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு என்று வேலை நீளும். அதோடு அங்கே இறங்கிய ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குவதே பெரும்பாடு, அதனால் போய் இறங்கிய வாரமே ஆன்லைனில் தேடத் தொடங்கிவிடுங்கள்.

பாடம் தேர்ந்தெடுக்கும்போது வகுப்பு எந்த மொழியில் என்று கேளுங்கள். அங்கே ஸ்பானிஷ், வலென்சியன் இரண்டுமே ஆட்சிமொழி. ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு போய் வலென்சியன் வகுப்பில் உட்கார்ந்தால் திண்டாட வேண்டியிருக்கும்.

2. அறை

மாணவர்கள் அதிகம் இருப்பது பெனிமாக்லெத், பிளாஸ்கோ இபான்யெஸ் பக்கம். நேரில் பார்க்காத அறைக்கு இங்கிருந்தே முன்பணம் அனுப்பாதீர்கள். சில நாள் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் தங்கித் தேடலாம். ஜன்னல் தெருவைப் பார்க்கிறதா, ஹீட்டர் இருக்கிறதா என்ற இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். வெயில் ஊர் என்பதாலேயே பல பழைய வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது, தரையும் டைல்ஸ். ஜனவரியில் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் அதிகம் குளிரும்.

3. பை

எம்.சி. ரோட்டில் ஒரு தடித்த ஸ்வெட்டர், வீட்டுக்குள் போட சாக்ஸ். பர்மா பஜாரில் அடாப்டர், ஏனென்றால் நம் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. அலுமினிய குக்கர் வேண்டாம், இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் சூடே ஏறாது.

4. சாப்பாட்டு நேரம்

இதுதான் பலருக்கும் உதைக்கும். மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். ஏழரைக்குப் பசியோடு ஓட்டலுக்குப் போனால் பெரும்பாலும் அடுப்பே பற்றியிருக்காது. ஜூனில் சூரியன் மறையவே ஒன்பதரை ஆகும், ஆறரைக்கு இருட்டிப் பழகிய நமக்கு நேரம் போவதே தெரியாது. பசியைச் சமாளிக்க வலென்சியாக்காரர்களின் வழியே நல்லது: காலை 10, 11 மணிவாக்கில் 'எஸ்மொர்சார்' என்று ஒரு நீள ரொட்டிக்குள் எதையாவது அடைத்து, கூடவே வேர்க்கடலை, ஆலிவ், குடிக்க ஏதாவது, கடைசியில் காபி என்று உட்கார்ந்து அரட்டையடிப்பார்கள். நம்ம பதினோரு மணி டீயும் பஜ்ஜியும் மாதிரிதான், அளவு மட்டும் பெரிது. வெளியில் சாப்பிடுவதானால் மதியத்தில் சாப்பிடுங்கள். 'மெனு தெல் தியா' என்று முழுச் சாப்பாடு ஒரே விலையில் கிடைக்கும், இரவைவிடச் செலவு குறைவு.

5. மீன்

காசிமேட்டில் ஞாயிறு காலை அள்ளிக்கொண்டு வருவோமே, அந்தப் பழக்கம் அங்கே செல்லாது. சனி, ஞாயிறில் படகுகள் கடலுக்குப் போவதில்லை, ஞாயிறு மார்க்கெட்டும் மூடியிருக்கும், திங்கட்கிழமை வைத்திருப்பது பழைய மீன். செவ்வாய்க்கு அப்புறம் காலையிலேயே கபான்யால் மார்க்கெட்டுக்குப் போங்கள். அது பழைய மீனவர் பேட்டை. மத்தி, நெத்திலி, கணவாய் எல்லாம் கிடைக்கும். புளியும் மிளகாய்த்தூளும் மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள். அங்கத்து அரிசி குண்டாக இருக்கும், அந்த ஊர் அரிசிச் சாப்பாடான பயேயாவுக்கு அருமை, குழம்புக்குக் குழைந்துவிடும், பாசுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

6. வீட்டுக்கு போன்

குளிர்காலத்தில் நாம் நாலரை மணி நேரம் முன்னால், கோடையில் மூன்றரை. மார்ச், அக்டோபர் இரண்டிலும் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். நீங்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு போன் அடித்தால் அம்மா நடுராத்திரியில் பதறி எழுந்திருப்பார், அதனால் மதிய இடைவேளையில் பேசுங்கள். மார்ச் 1 முதல் 19 வரை மட்டும் 2 மணிக்குக் கூப்பிடாதீர்கள். ஃபாயாஸ் திருவிழாவுக்காக தினமும் அந்த நேரத்தில் நகர மன்றச் சதுக்கத்தில் வெடி வெடிப்பார்கள், பக்கத்தில் நின்றால் ஒரு வார்த்தை கேட்காது.