600 மைல் பந்தயத்தின் முடிவுப் பட்டியலைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத் தொடரில் ஒன்றான கோகோ-கோலா 600 முடிந்ததும் எல்லோரும் ஜெயித்தவர் பெயரைப் பார்ப்பார்கள். நான் அவருக்கு நேரே உள்ள சுற்று எண்ணிக்கையைத்தான் முதலில் பார்ப்பேன். அது நடக்கும் சார்லட் தடம், ஒரு சுற்றுக்கு ஒன்றரை மைல். 400 சுற்று ஓடினால் 600 மைல். 2022 பட்டியலில் டென்னி ஹாம்லினுக்கு நேரே 413 என்று இருக்கும். அச்சுப் பிழை இல்லை. கடைசி நேரத்தில் விபத்து நடந்து மஞ்சள் கொடி (எல்லோரும் மெதுவாகப் போக வேண்டும் என்ற எச்சரிக்கை) விழுந்தால், நாஸ்காரில் கூடுதல் சுற்று கொடுப்பார்கள். அன்று அது ஒரு தடவையோடு முடியவில்லை. 619.5 மைல், ஐந்து மணி நேரத்துக்கும் மேல்!

அடுத்து, யார் எத்தனை சுற்று எல்லோருக்கும் முன்னால் ஓடினார் என்ற கட்டம். என்னைக் கேட்டால் பட்டியலின் உயிரே இதுதான். 2016-ல் மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியர் ஜெயித்தார். இரண்டாவது வந்த கெவின் ஹார்விக்குக்கும் அவருக்கும் இடைவெளி மூன்று விநாடிகூட இல்லை. அதை மட்டும் பார்த்தால் கடும் போட்டி என்று தோன்றும். ஆனால் ட்ரூயெக்ஸ் 400-ல் 392 சுற்று முன்னால் ஓடியிருக்கிறார். போட்டியாவது ஒன்றாவது! நேர்மாறாக, இன்னொரு நாஸ்கார் பந்தயமான டேட்டோனா 500-ஐ, 2021-ல் நடந்ததை எடுங்கள். மைக்கேல் மெக்டவல் பெயருக்கு நேரே ஒரே ஒரு சுற்று. அதுவும் கடைசிச் சுற்று. முன்னால் போன இருவர் மோதிக்கொள்ள, இவர் நழுவிப் போய்விட்டார்.

அப்புறம், கார் என்ன ஆனது என்று சொல்லும் கடைசிக் கட்டம்: ஓடிக்கொண்டிருந்தது, விபத்து, என்ஜின். இடம் தருவது ஓடிய சுற்றுகளை வைத்துத்தான். அதனால் நொறுங்கி நின்ற கார், கடைசிவரை மெதுவாக ஓடிய காருக்கு மேலே இருக்கலாம். பழைய பட்டியல்களில் இது இன்னும் வேடிக்கை. 1965-ல் டார்லிங்டன் தடத்தில் நடந்த சதர்ன் 500 பந்தயத்தில் ஜெயித்த நெட் ஜாரெட்டுக்கு 364 சுற்று, இரண்டாவது வந்த பக் பேக்கருக்கு 350. பதினான்கு சுற்று வித்தியாசமா என்று நான் கால்குலேட்டரில் போட்டே பார்த்தேன். ஏறக்குறைய 19 மைல். சரியாகத்தான் வந்தது.

தொடங்கிய இடத்தையும் ஒரு பார்வை பாருங்கள், போதும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பந்தயம் முடிந்த கையோடு வரும் பட்டியலை நம்பி எதையும் பேனாவால் எழுதாதீர்கள். காரைச் சோதித்த பிறகுதான் முடிவு உறுதியாகும். 2020 கோகோ-கோலா 600-ல் இரண்டாவது வந்த ஜிம்மி ஜான்சனின் கார், பின்சக்கர அலைன்மென்ட் சோதனையில் தேறவில்லை. அவரைத் தகுதி நீக்கம் செய்து 40-வது இடத்துக்குத் தள்ளினார்கள். சேஸ் எலியட் இரண்டாவது ஆனார். என் நோட்டில் அந்தப் பக்கத்தில் மட்டும் ஜான்சன் பெயர் மேல் கோடு போட்டு அடித்திருக்கும்.